தீர்ப்புக்கு அஞ்சியது யார்?

பதவிக்காகக் கொள்கையைத் துறப்போர் பலர். கொள்கைக்காகப் பதவியைத் துறந்து மக்கள் மன்றத்தை நாடியவர் தந்தை செல்வா. சிங்களமே ஆட்சிமொழி, பௌத்தத்துக்கே முதலிடம் என வகுத்த 1972ஆம் ஆண்டு அரசியலமைப்பைத் தமிழர் ஏற்கவில்லை என மெய்ப்பிக்க, அவ்வாண்டு அக்டோபரில் காங்கேசன்துறைத் தொகுதியைத் துறந்தார். இலங்கை அரசு செய்தது என்ன? ஈராண்டுக்கு மேல் இடைத்தேர்தலையே இழுத்தடித்தது! 1975 பிப்ரவரி 6 அன்று மக்கள் பேசினர்: செல்வாவுக்கு 25,927 வாக்குகள், பொதுவுடைமைக் கட்சி வேட்பாளர் பொன்னம்பலத்துக்கு 9,457. தீர்ப்பு கிடைத்தது; தீர்வுதான் கிடைக்கவில்லை.

வேப்பனப்பள்ளித் தோழர்களே! தமிழும் தெலுங்கும் கன்னடமும் கலந்தொலிக்கும் எல்லையிலே வாழ்கிறீர்கள். மொழியுரிமையின் அருமை உங்களுக்குத் தெரியாததன்று. காலியான தொகுதியை நிரப்ப இந்தியச் சட்டம் பொதுவாக ஆறு மாதக் கெடு விதிக்கிறது. அக்கெடுவைக் காப்பது நம் கடன். தேர்தலைத் தள்ளிப்போடுவது மக்களின் வாயைப் பூட்டுவதன்றோ!