குதிரையின் முதுகுக்கு யார் கணக்கு வைப்பது?

தாமிரபரணி கடலில் கலக்கும் இடத்துக்குப் பக்கத்தில் பழையகாயல் என்று ஓர் ஊர். 1986 வரை திருநெல்வேலி மாவட்டம், அதற்குப் பிறகு தூத்துக்குடி மாவட்டம். 700 வருடங்களுக்கு முன்னால் உலக வரைபடத்தில் இருந்த காயல் துறைமுகம் இதுதான் என்பது கால்டுவெல்லின் முடிவு. (இல்லை, காயல்பட்டினம்தான் என்பவர்களும் உண்டு. அந்தச் சண்டை இங்கே வேண்டாம்!) அந்தக் கரையில் இறங்கிய மிகப் பெரிய சரக்கு எது தெரியுமா? முத்து இல்லை. முத்து இங்கிருந்து போனது. வந்து இறங்கியது குதிரை.

மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலம். ஹோர்முஸ், கிஷ், ஏடன் பக்கமிருந்து கப்பல் கப்பலாகக் குதிரைகள் வந்தன. வருடத்துக்கு 10,000 குதிரைகள், ஒன்றின் விலை 220 பொன் தினார் என்று பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப் எழுதி வைத்திருக்கிறார். பெருக்கிப் பாருங்கள், 22 லட்சம் தினார். வழியில் கடலில் செத்த குதிரைக்கும் பாண்டியன் பணம் கொடுத்தானாம். விற்பவனுக்கு இதைவிட நல்ல ஒப்பந்தம் உலகத்தில் உண்டா?

வந்த குதிரைகள் என்ன ஆயின? செத்துப் போயின. மன்னன் ஆண்டுக்கு இரண்டாயிரத்துக்கு மேல் வாங்குகிறான், வருடக் கடைசியில் நூறு கூட மிஞ்சுவதில்லை என்கிறார் மார்க்கோ போலோ. திருவிளையாடல் கதையில் பரி இரவோடு இரவாக நரியானது. காயலில் பரி ஒரே வருடத்தில் எலும்பானது.

காரணம் பல. தட்பவெப்பம் ஒன்று, ஒவ்வாத தீனி ஒன்று. ஆனால் வஸ்ஸாஃப் இன்னொன்றும் சொல்கிறார். கட்டிப் போட்டுக் கொழுக்க வைத்த குதிரையின் மேல், பழக்காமல், அங்கவடியோ மற்ற சவாரிச் சாதனங்களோ இல்லாமல் வீரர்கள் ஏறிப் பேய் மாதிரி ஓட்டினார்கள், கொஞ்ச நாளிலேயே நல்ல குதிரைகள் உதவாமல் போயின என்கிறார். வெளிநாட்டுக்காரர் எழுத்தில் கொஞ்சம் மிகை இருக்கலாம். ஆனால் மார்க்கோ போலோ சொல்லும் அடுத்த விஷயத்தில்தான் வியாபாரம் இருக்கிறது. லாடம் அடித்து வைத்தியம் பார்க்கத் தெரிந்தவர்களை வணிகர்கள் இந்தப் பக்கம் வர விடுவதே இல்லையாம். குதிரை பிழைத்துவிட்டால் அடுத்த வருடம் யார் வாங்குவார்கள்?

வாங்குபவனின் அறியாமைதான் விற்பவனின் லாபம். இந்தச் சூத்திரம் இன்னும் சாகவில்லை. இன்று அது 'எல்லாக் குதிரைக்கும் பொருந்தும்' என்ற வாசகத்தோடு வருகிறது. பொருளின் பெயர் ட்ரீலெஸ் சேணம்.

குதிரை ஏறாதவர்களுக்காகச் சின்ன விளக்கம். வழக்கமான சேணத்துக்குள் ஒரு சட்டம் இருக்கும். மரத்தாலோ பிளாஸ்டிக்காலோ செய்தது. ஆங்கிலத்தில் அதற்குப் பெயர் 'ட்ரீ'. முதுகெலும்புக்கு இருபுறமும் உள்ள தசை மேல் அது உட்காரும், நடுவில் எலும்பைத் தொடாமல் பாலம் போல நிற்கும். ஏறுபவரின் எடையை நீளவாக்கில் பரப்பிவிடுவதுதான் அதன் வேலை. சட்டத்தை எடுத்துவிட்டு மெத்தையும் தோலும் மட்டும் வைத்துத் தைத்தால் அது ட்ரீலெஸ்.

அதை விற்பவர்கள் சொல்லும் நியாயத்தில் பாதி உண்மை. சட்டம் குறுகலாக இருந்தால் குதிரையின் தோள்பட்டையை இறுக்கும், அகலமாக இருந்தால் எலும்பின் மேலேயே இறங்கிவிடும். ஒரு குதிரைக்குச் செய்த சேணத்தை இன்னொன்றுக்குப் போட்டால் நடக்கும் கொடுமை இதுதான். குதிரை இளைக்கும், கொழுக்கும், முதுகின் வடிவம் மாறும், சட்டம் மாறாது. எல்லாம் சரி.

ஆனால் இதிலிருந்து 'சட்டமே இல்லாவிட்டால் எல்லாவற்றுக்கும் பொருந்தும்' என்று தாவுகிறார்களே, அங்கேதான் மோசடி தொடங்குகிறது. வளைந்து கொடுப்பது வேறு, பொருந்துவது வேறு. கயிற்றுக் கட்டிலை நினைத்துப் பாருங்கள். நடுவில் ஒருவர் உட்கார்ந்தால் கயிறு எங்கே தொய்கிறது? உட்கார்ந்த இடத்தில்தான். அதே கட்டிலில் ஒரு பலகையைப் போட்டு உட்கார்ந்தால் பாரம் பரவுகிறது. இப்போது கட்டிலுக்கு அடியில் ஓர் உயிரின் முதுகு இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். அங்கவடி தொங்கும் வாரும் அதே இடத்தில் இழுக்கும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இது வெறும் உவமை இல்லை. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சேணத்துக்கு அடியில் அழுத்தம் அளக்கும் விரிப்பை வைத்து அளந்து 2012-ல் வெளியிட்டார்கள். சட்டமில்லாத சேணத்தில் எடை குறைந்த பரப்பில் விழுந்தது, அதிகபட்ச அழுத்தம் கூடியது. அடுத்த வருடம் வெறும் முதுகில் ஏறும் சவாரியையும் அளந்தார்கள். அங்கேயும் அதே கதை. 'வெறும் முதுகுதான் இயற்கை, குதிரைக்கு அதுதான் சுகம்' என்று சொல்பவர்கள் குதிரையிடம் கேட்டுச் சொல்லவில்லை!

நம் ஊர் வழக்கம் என்ன? கோயில் கொடைக்கும் கல்யாண ஊர்வலத்துக்கும் வரும் குதிரைகளைப் பாருங்கள். ஜரிகைத் துணி பளபளக்கும், சலங்கை ஒலிக்கும். துணியைத் தூக்கிப் பார்த்தால் பல நேரம் ஒரு மடித்த கம்பளமோ சாக்கோ, அதைச் சுற்றி ஒரு வார். இதுவும் ஒரு ட்ரீலெஸ் சேணம்தான், பெயரும் விலையும் இல்லாத ஒன்று. அந்தக் குதிரைக்காரரைத் திட்டுவது சுலபம். அவருக்குச் சொல்லிக் கொடுத்தவர் யாரும் இல்லை. ஆயிரக்கணக்கில் செலவழித்து இணையத்தில் வாங்குபவருக்கு அந்தச் சாக்கும் கிடையாது.

சட்டம் என்றதும் இன்னொரு சட்டமும் நினைவுக்கு வரவேண்டும். விலங்கு வதைத் தடுப்புச் சட்டத்தின் கீழ், வண்டி இழுக்கும், பொதி சுமக்கும் விலங்குகளுக்காக 1965-ல் போட்ட மத்திய அரசு விதிகளில் குதிரைச் சேணத்துக்கென்றே ஒரு விதி உண்டு. கழுத்து முடிந்து முதுகு தொடங்கும் இடத்தில் மேடாக இருக்கிறதே, அந்த எலும்பின் மேல் நேரடியாகப் படும்படி சேணம் கட்டக் கூடாது, சேணத்தின் வளைவுக்கும் மேட்டுக்கும் நடுவே போதிய இடைவெளி வேண்டும் என்கிறது அது. வளைவே இல்லாத மெத்தையில் இடைவெளி எங்கிருந்து வரும்?

அப்படியானால் ட்ரீலெஸ்ஸைத் தூக்கி ஆற்றில் போட வேண்டுமா? வேண்டாம். முதுகு உருண்டு தசைப்பிடிப்பாக உள்ள குதிரை, எடை குறைந்த ஆள், கொஞ்ச நேரச் சவாரி, அடியில் முதுகெலும்புக்கு நேராகப் பள்ளம் விட்டுத் தைத்த தடித்த விரிப்பு. இவ்வளவும் இருந்தால் அது பயன்படும். மெலிந்து எலும்பு துருத்திய குதிரைக்கும், கனத்த ஆளுக்கும், நாள் முழுக்க ஓட்டுவதற்கும் அது ஆகாது. அதாவது சட்டமுள்ள சேணத்தை எவ்வளவு கவனமாகப் பொருத்த வேண்டுமோ அதே கவனம் இதற்கும் வேண்டும். பொருத்திப் பார்க்கும் வேலையை மிச்சப்படுத்துகிறேன் என்று சொல்லி விற்பவர், அந்தச் செலவைக் குதிரையின் பெயரில் எழுதுகிறார். வணிகவியல் பாடத்தில் இயந்திரத்துக்குக் கூடத் தேய்மானம் போடச் சொல்கிறார்கள். உயிருள்ள முதுகுக்கு எந்தப் பேரேட்டிலும் இடமில்லை.

சோதிக்கக் கருவி தேவையில்லை. சவாரி முடிந்து சேணத்தை இறக்கியதும் வியர்வையைப் பாருங்கள். சுற்றிலும் நனைந்து நடுவில் ஓரிடம் மட்டும் காய்ந்திருந்தால் அங்கே அழுத்தம் அதிகமாக இருந்திருக்கலாம். முதுகில் திட்டாக வெள்ளை முடி முளைத்திருந்தால் அது பழைய காயத்தின் ரசீது. விரல்களால் முதுகெலும்பின் இருபுறமும் மெதுவாக அழுத்திக்கொண்டே போங்கள். தசை துடித்தாலோ, குதிரை முதுகைத் தாழ்த்தினாலோ, காதைப் பின்னால் மடித்தாலோ பதில் கிடைத்துவிட்டது. அன்றைக்குச் சவாரி கிடையாது.

நுகத்தடி பட்டு மாட்டின் கழுத்தில் புண் வந்தால் வண்டியை நிறுத்தும் சம்சாரி இந்த ஆற்றங்கரையில் இன்றும் உண்டு. பத்தாயிரம் குதிரை வாங்கிய பாண்டியனுக்கு வராத அந்த அறிவு, ஒரே ஒரு குதிரை வைத்திருப்பவருக்காவது வர வேண்டாமா?