ஓவர்கிளாக்கிங்: வேகத்தைக் கூட்டலாம், வோல்டேஜைக் கூட்டலாமா?

கொத்தமங்கலத்தில் இருக்கும் சித்தப்பா மகன் கல்யாண வீடியோ எடிட் செய்கிறான். முகூர்த்த மாதம் வந்துவிட்டால் அவன் கம்ப்யூட்டர் ராத்திரி முழுக்க ரெண்டர் ஆகிக்கொண்டே இருக்கும். போன வாரம் போன் பண்ணினான்: "அண்ணே, பிராசஸரை ஓவர்கிளாக் பண்ணா வேலை சீக்கிரம் முடியுமாமே, பண்ணட்டுமா? இன்னும் அஞ்சு வருஷம் இந்த மெஷினை வச்சுத்தான் ஓட்டணும்."

ஓவர்கிளாக் பண்ணுவது எப்படி என்று சொல்ல யூடியூபில் ஏகப்பட்ட வீடியோ இருக்கு. அஞ்சு வருஷம் தாங்குமா என்பதுதான் நாம் பார்க்க வேண்டிய கேள்வி.

உள்ளே என்ன நடக்கிறது?

4 கிகாஹெர்ட்ஸ் பிராசஸர் என்றால் நொடிக்கு 400 கோடி துடிப்பு. கம்பெனி வைத்த வரம்பைத் தாண்டி அதை ஓட வைப்பதுதான் ஓவர்கிளாக்கிங். இது எல்லா பிராசஸரிலும் முடியாது. இன்டெல்லில் பெயர் முடிவில் 'கே' எழுத்து இருக்கணும். ஏஎம்டி ரைசன் டெஸ்க்டாப் சிப்களில் பெரும்பாலும் முடியும். பெரும்பாலான லேப்டாப்களில் இதற்குப் பூட்டு உண்டு.

வேகத்தை மட்டும் ஏற்றினால் ஒரு கட்டத்தில் சிஸ்டம் ஹேங் ஆகும். அதை நிலைப்படுத்த வோல்டேஜை ஏற்றுவார்கள். சிக்கல் அங்கேதான். வெப்பம் வேகத்துக்கு நேர் விகிதத்திலும், வோல்டேஜின் வர்க்கத்துக்கு ஏற்பவும் கூடும். வேகத்தை 5% கூட்ட, வோல்டேஜை 1.20-ல் இருந்து 1.32-க்கு ஏற்றினால் வெப்பம் சுமார் 27% எகிறும்.

சூட்டுக்காவது ஒரு காவல் இருக்கு. 95 அல்லது 100 டிகிரியைத் தொட்டதும் இன்றைய பிராசஸர்கள் தாமாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். கூடுதல் வோல்டேஜ் செய்யும் தேய்மானத்துக்கு அப்படி எச்சரிக்கை எதுவும் வராது. அதிக மின்னோட்டமும் சூடும் சேர்ந்து சிப்புக்குள் இருக்கும் நுண்கம்பிகளின் உலோக அணுக்களை மெல்ல நகர்த்தும். டிரான்சிஸ்டரின் காப்புப் படலமும் பலவீனமாகும். முதல் மாதம் ஜம்முனு ஓடின அதே செட்டிங், இரண்டாவது வருஷம் ப்ளூ ஸ்கிரீன் காட்டலாம்.

கம்பெனிக்கே சறுக்கியது

2024-ல் இன்டெல்லின் 13, 14-வது தலைமுறை டெஸ்க்டாப் பிராசஸர்கள் பல, அடிக்கடி கிராஷ் ஆகின. தேவைக்கு மேல் வோல்டேஜ் போனது முக்கியக் காரணம் என இன்டெல்லே ஒப்புக்கொண்டது. ஆகஸ்ட் முதல் மைக்ரோகோட் அப்டேட்கள் வந்தன; வாரன்டியும் 2 வருஷம் நீட்டிக்கப்பட்டது. ஆனால் ஏற்கெனவே தேய்ந்த சிப்பை எந்த அப்டேட்டாலும் சரிசெய்ய முடியாது. 2023-ல் ஏஎம்டி ரைசன் 7000 வரிசையில் சில சிப்கள் கருகியதும், அதன் ஒரு பகுதிக்கான வோல்டேஜுக்கு 1.3 வோல்ட் என வரம்பு கட்டினார்கள். சிப்பை வடிவமைத்தவர்களுக்கே இந்தக் கதி என்றால், வீட்டில் குத்துமதிப்பாக நம்பர் மாற்றும் நாம் யோசிக்க வேண்டாமா?

நம்ம ஊர் வெயில்

ஏசி அறையில், 22 டிகிரியில் எடுத்த வீடியோவின் செட்டிங்கை 37 டிகிரி இருக்கும் செட்டிநாட்டு மே மாத அறையில் போட்டால், சிப்பும் கிட்டத்தட்ட அதே 15 டிகிரி கூடுதலாகச் சுடும். நம்ம பக்கத்துப் பழைய வீடுகளில் முகப்பு முதல் கொல்லை வரை வாசல்கள் நேர்கோட்டில் இருக்கும். நடுமுற்றம் வழியே சூடு மேலே போகும். கேபினெட்டுக்கும் அதே கணக்குதான். காற்று முன்பக்கம் நுழையணும், பின்பக்கமும் மேல்பக்கமும் வெளியேறணும். மூடிய டேபிள் அறைக்குள் சிபியூவை வைத்துவிட்டு விலை உயர்ந்த கூலர் வாங்குவது வீண்.

அப்போ என்ன செய்யலாம்?

• முதலில் பயாஸை அப்டேட் செய்யுங்கள். மதர்போர்டு தானாகவே வேகத்தை ஏற்றும் வசதி ஆன்-இல் இருந்தால் அணைத்துவிட்டு, கம்பெனி பரிந்துரைத்த செட்டிங்குக்கு மாற்றுங்கள்.

• அடுத்து, வோல்டேஜைக் குறைத்துப் பாருங்கள். இதற்குப் பெயர் அண்டர்வோல்டிங். 0.02 வோல்ட் வீதம் மெல்ல இறக்குங்கள். 5% குறைந்தாலே வெப்பம் சுமார் 10% குறையும். சூடு குறைந்தால் இன்றைய பிராசஸர்கள் உச்ச வேகத்தில் கூடுதல் நேரம் நிற்கும்.

• வேகம் கூட்டியே ஆகணும் என்றால் வோல்டேஜைத் தொடாமல் 100 மெகாஹெர்ட்ஸ் வீதம் ஏற்றுங்கள். கிராஷ் ஆனால் ஒரு படி இறங்குங்கள், வோல்டேஜை ஏற்றாதீர்கள்.

• ஓசிசிடி, பிரைம்95 போன்ற சோதனைகளைச் சில மணி நேரம் ஓட்டுங்கள். ராத்திரி வேண்டாம், மதியம் 2 மணிக்கு ஓட்டுங்கள். முழு லோடில் 85 டிகிரிக்குள் நிற்பது நல்லது.

• ஓவர்கிளாக்கால் வரும் சேதத்துக்கு வாரன்டி கிடைக்காது. ஏஎம்டியின் பிபிஓ வசதியும் இதில் அடக்கம்.

விளையாட்டுக்கு வைத்திருக்கும் மெஷினில் சோதனை செய்வது உங்கள் விருப்பம். சோறு போடும் மெஷினில் வேண்டாம் என்பதே நம் கருத்து. 6 மணி நேர ரெண்டரில் 5% வேகம் மிச்சப்படுத்துவது 17 நிமிஷம். நிலையில்லாத சிஸ்டம் ஃபைலைச் சத்தமில்லாமல் கெடுத்துவிட்டால், அந்தத் தாலி கட்டும் காட்சியை மறுபடி எடுக்க முடியாது.

தம்பியிடம் சொன்னது இதுதான்: "வோல்டேஜைக் குறை, தூசியைத் தட்டு, சிபியூவை அந்த டேபிள் அறையில் இருந்து முதல்ல வெளியே எடு. இதுக்கு அஞ்சு பைசா செலவில்லை."