"எல்லாரும்", "சிலர்" படுத்தும் பாடு



பேராக் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து ஒரு தந்தை எழுதியிருக்கிறார். மகள் அறிவியலில் கெட்டிக்காரி. சிங்கப்பூரில் மருத்துவம் படிக்க விண்ணப்பிக்க எண்ணம். "யூகேட் என்று ஒரு சோதனையாம். பாடப் புத்தகத்திலிருந்து கேள்வியே வராதாம். டியூஷனுக்கோ என் இரண்டு மாதச் சம்பளத்தைக் கேட்கிறார்கள். என்ன செய்வது?" என்கிறார்.

ஐயா, பணத்தைக் கட்டுவதற்கு முன் இதைப் படியுங்கள். நம் நாட்டு அரசாங்கப் பல்கலைக்கழகங்கள் இந்தச் சோதனையைக் கேட்பதில்லை. பெரும்பாலும் பிரிட்டன், ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, சிங்கப்பூர் என்று போகிறவர்களுக்கு இது. ஆண்டுக்கு ஒரு தடவைதான் எழுதலாம். ஆகவே உங்கள் பயம் நியாயமானதே.

பிள்ளைகளைத் திணற வைப்பது 'முடிவெடுத்தல்' என்ற பகுதி. 35 கேள்விகள், 37 நிமிடங்கள். அதாவது ஒன்றுக்கு ஒரு நிமிடத்துக்குச் சற்றே கூடுதல். அதில் பெரும் பகுதி தருக்கம்தான். தருக்கம் நமக்குப் புதிதா என்ன? மணிமேகலையில் அறவண அடிகள் அதைத்தானே விளக்குகிறார்! ஆனால் பள்ளிக்கூடத்தில் அதை யாரும் தனிப் பாடமாக நடத்துவதில்லை.

ஓர் உதாரணம். 'வெட்டுக்காரர்கள் எல்லாரும் விடியுமுன் எழுகிறார்கள். முனியாண்டி விடியுமுன் எழுகிறார். ஆகவே முனியாண்டி வெட்டுக்காரர்.' சரியா? பத்துப் பிள்ளைகளைக் கேட்டால் ஏழெட்டுப் பேர் சரி என்பார்கள். முனியாண்டி ரொட்டி விற்பவராகவும் இருக்கலாமே! 'எல்லாரும்' என்ற சொல்லைத் தலைகீழாகத் திருப்பக் கூடாது. 'சிலர்' இன்னும் பொல்லாதது. 'சிலர் வந்தார்கள்' என்றால் மற்றவர்கள் வரவில்லை என்று நாம் பேச்சில் எடுத்துக்கொள்கிறோம். தருக்கத்தில் அப்படியில்லை. ஒருவராவது வந்தார் என்பதே பொருள். எல்லாருமே வந்திருக்கவும் கூடும்.

இன்னொன்று, வாத்து மரம் ஏறும் என்று கேள்வியில் இருந்தால் ஏறும் என்றே வைத்துக்கொள்ள வேண்டும். தனக்குத் தெரிந்ததை நுழைத்துத் தவறு செய்பவர்கள் பெரும்பாலும் கெட்டிக்காரப் பிள்ளைகளே.

வட்டம் போட்டுச் செய்யும் கணக்கும் உண்டு. வகுப்பில் 30 பேர். பந்து விளையாடுவோர் 18, நடனம் ஆடுவோர் 15, இரண்டிலும் சேராதவர் 5. இரண்டிலும் இருப்போர் எத்தனை? 30-இல் 5 போக 25. 18-உம் 15-உம் 33. மிஞ்சும் 8 பேரே விடை. மனத்தில் போடாமல் வட்டம் வரைந்து போடச் சொல்லுங்கள். சோதனை மண்டபத்தில் எழுதி அழிக்கும் அட்டையும் பேனாவும் தருவார்கள்.

டியூஷன் பற்றி என் அபிப்பிராயம்: முதலில் வேண்டாம். யூகேட் நடத்துவோரின் இணையத்தளத்திலேயே மாதிரித் தேர்வுகள் இலவசமாகக் கிடைக்கின்றன. முதல் இரண்டு வாரம் கடிகாரம் இல்லாமல் செய்யட்டும். தப்பான ஒவ்வொரு விடைக்கும் காரணத்தைத் தமிழிலேயே உங்களுக்கு வாய்விட்டுச் சொல்லட்டும். உங்களுக்குப் புரியாவிட்டால் அவளுக்கும் சரியாகப் புரியவில்லை என்று அர்த்தம். கடிகாரம் பிறகு. தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பதில்லை. ஆகவே ஒரு கேள்வியையும் வெறுமையாக விடக் கூடாது. ஐந்து முடிவுகள் கொடுத்து ஒவ்வொன்றுக்கும் ஆம், இல்லை கேட்கும் கேள்விக்கு இரண்டு மதிப்பெண். அரைகுறையாகச் சரியானாலும் ஒன்று கிடைக்க வழியுண்டு.

பழைய புத்தகம் வாங்கினால் கவனம். உருவங்களைப் பார்த்து விடை சொல்லும் பகுதியை 2025-இல் எடுத்துவிட்டார்கள். அந்தப் பக்கங்களில் பிள்ளை நேரத்தை வீணாக்க வேண்டாம்.

ஆங்கிலம் மெதுவாக வாசிக்கும் பிள்ளைக்கு உண்மையான கஷ்டம் வேறிடத்தில்: வாசித்து விடை சொல்லும் பகுதியில் 22 நிமிடத்தில் 44 கேள்விகள். அதற்குக் குறுக்கு வழி கிடையாது. தினமும் அரை மணி ஆங்கிலப் பத்திரிகை வாசிப்பதை இன்றே தொடங்கட்டும். தருக்கத்தை இரண்டு மாதத்தில் பிடித்துவிடலாம். வாசிப்பு வேகத்துக்கு அது போதாது.

சோதனை ஜூலை முதல் செப்டம்பர் வரை நடக்கும். பதியும்போது கடப்பிதழில் உள்ளபடியே பெயரைக் கொடுங்கள், ஐயா. நம் பெயர்களில் வரும் 'ஏ/பி'யை எப்படிப் போடுவது என்பதை முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.