நொய்யலுக்கு வந்த நோய்

கொங்கு நாட்டு ஆறுகளுள் பவானிக்கும் ஆன்பொருநைக்கும் உள்ள பெருமை நொய்யலுக்கு இல்லை. அதன் நீளம் ஏறத்தாழ 180 கிலோமீட்டர். அது நீர் திரட்டும் நிலப்பரப்பு ஏறத்தாழ 3,500 சதுரக் கிலோமீட்டர். மலையில் மழை பெய்தால் ஓடும். ஓய்ந்தால் மணல் தெரியும். இத்துணைச் சிறிய ஆற்றைச் சார்ந்து ஈராயிரம் ஆண்டுகளாக ஊர்கள் எழுந்தன, உழவு செழித்தது, உருக்கு வடிக்கப்பட்டது, கடல்கடந்த வாணிகமும் நடந்தது. ஆற்றின் வளத்தால் மட்டும் இவை நடந்திரா. அதன் கரையில் வாழ்ந்த தமிழரின் நீரறிவே இவற்றுக்குக் கரணியம். இன்று ஆற்றைக் கெடுத்தவர்கள், அவ்வறிவை முதலில் மறந்த பின்னரே அதனைச் செய்தார்கள்.

மேற்குத் தொடர்ச்சி மலையின் ஒரு கூறாகிய வெள்ளிமலையின் கிழக்குச் சரிவில் நொய்யல் பிறக்கிறது. வெள்ளி என்னும் தமிழ்ச்சொல்லோடு கிரி என்னும் வடசொல்லை ஒட்டவைத்து அம்மலையை வெள்ளியங்கிரி என்று வழங்குகின்றனர். ஆற்றுக்கும் அந்நிலையே நேர்ந்தது. காஞ்சி என்பது அதன் பழம்பெயர். கழக நூல்களில் நீர்த்துறைகளில் பூத்து நிற்கும் மரமாகக் காஞ்சி பேசப்படுகிறது; கரையில் நின்ற மரமே ஆற்றுக்குப் பெயர் தந்திருத்தல் கூடும். அதனைக் காஞ்சிமாநதி ஆக்கினர். நொய்யல் என்பதோ, அது காவிரியில் கலக்குமிடத்து ஊரின் பெயரும் ஆகும். நொய் என்னும் சொல் மென்மையையும் நுண்மையையும் குறிக்கும். பெயர் அதனால்தான் வந்தது என்று அறுதியிட வேண்டுவதில்லை. எனினும், பொருள் ஆற்றுக்கு நன்றாகவே பொருந்துகிறது.

பெரியாறும் சின்னாறும் மலையிலிருந்து இறங்கிக் கூடுதுறையில் ஒன்றுகூடுகின்றன. கோவைக் குற்றாலம் என்று மக்கள் குளிக்கச் செல்லும் அருவியும் இந்நீர்த்தொகுதியைச் சேர்ந்ததே. தென்மேற்குக் காற்று கொணரும் முகில் பெரும்பகுதியும் மலைமுகட்டிலேயே நீரைக் கொட்டிவிட்டு வெறுமையாய்க் கிழக்கே வருகிறது. பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் குளிர்ந்த காற்று மிகுதியாக வீசினும், கோவை நகரில் ஆண்டு முழுதும் பெய்யும் மழை 600 முதல் 700 மில்லிமீட்டர் அளவே. ஆகவே ஆறு பெருகுவது மலைமழையால். அதுவும் தென்மேற்கு மழையில் ஒருமுறை, வடகிழக்கு மழையில் ஒருமுறை எனச் சில நாள்களே.

மலைமுகட்டில் புல்வெளியும் சோலையும். கீழே யானை நடமாடும் போளுவாம்பட்டிக் காடு. அதனைத் தாண்டிப் பேரூர் முதல் சூலூர் வரை குளத்துப் பாசன வயல்கள். குறிஞ்சியும் முல்லையும் மருதமும் இவ்வளவு நெருங்கி அடுத்தடுத்து வருவதை ஒருநாள் நடையிலேயே காணலாம். கிழக்கே செல்லச் செல்ல நிலம் வறள்கிறது. காங்கேயத்துக் கொறங்காடுகள் அங்கே தொடங்குகின்றன. கிளுவை வேலி, கொழுக்கட்டைப் புல், இடையிடையே வெள்வேல மரம், அவற்றுக்குள் மேயும் காங்கேய மாடு. மழை குறைந்த மண்ணுக்கு ஏற்ப மாந்தர் வகுத்துக்கொண்ட மேய்ச்சல் முறை அது. உழுது பாழாக்காமல் புல்லுக்கே விடப்பட்ட அந்நிலம், நஞ்சை நிலத்துக்கு எவ்வகையிலும் தாழ்ந்ததன்று.

அவ்வறண்ட பகுதியில், ஆற்றின் வடகரையில் இருக்கிறது கொடுமணல். பதிற்றுப்பத்துக் குறிக்கும் கொடுமணம் இதுவே. 1985 முதல் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகம் அங்கு அகழ்ந்தபோது இரும்பு உருக்கிய உலைகளும், கல்மணி செய்த பட்டறைகளும், தமிழ் எழுத்துப் பொறித்த பானையோடுகளும் வெளிப்பட்டன. மணிகளுக்குரிய நீலப்பச்சைக் கல் அருகிலுள்ள படியூர்ப் பகுதியிலேயே கிடைத்தது. மேல்கடல் துறைமுகத்திலிருந்து கணவாயைக் கடந்து, வெள்ளலூர், கொடுமணல் வழியாகக் கருவூர் சென்ற பெருவழி இவ்வாற்றுப் பள்ளத்தாக்கையே பற்றிச் சென்றது. வெள்ளலூரில் 19ஆம் நூற்றாண்டிலேயே உரோமக் காசுக் குவியல்கள் கிடைத்தன.

சில நாள் வெள்ளத்தை ஆண்டு முழுதும் பயன்கொள்ளும் வகையை முன்னோர் எவ்வாறு கண்டனர்? ஆற்றின் குறுக்கே பேரணை கட்டி நீரைத் தேக்க அவர்கள் முயலவில்லை. தாழ்ந்த அணைக்கட்டுகளை வரிசையாக அமைத்தனர். சித்திரைச்சாவடி, குனியமுத்தூர், குறிச்சி, வெள்ளலூர் என ஒவ்வோர் அணைக்கட்டிலிருந்தும் ஒரு வாய்க்கால் பிரியும். அது குளத்தை நிரப்பும். அக்குளத்தின் கலங்கல் வழிந்தால் அடுத்த குளம் நிரம்பும். எஞ்சியது மீண்டும் ஆற்றைச் சேரும். கிருட்டிணாம்பதி, செல்வம்பதி, உக்கடம் பெரியகுளம், வாலாங்குளம், குறிச்சிக்குளம், சிங்காநல்லூர்க்குளம், சூலூர்க்குளம் என அவ்வரிசை நீள்கிறது.

வயலுக்குப் பாய்ந்தது அதன் ஒரு பயனே. கொங்கு மண்ணுக்குக் கீழே இருப்பது கடும்பாறை. பாறைக்கு மேலுள்ள உதிர்ந்த மண்ணடுக்கிலும் பாறையின் வெடிப்புகளிலும் மட்டுமே நீர் தங்கும். குளத்தில் நின்ற நீர் மெல்லக் கசிந்து அவ்வடுக்கை நிரப்பிற்று; சுற்றுவட்டாரக் கிணறுகள் அதனால் ஊறின. குளம் என்பது நிலத்துக்கு மேலே தெரியும் பாதி. தெரியாத மறுபாதி கிணற்றடியில் இருந்தது. குளத்துக்கு நீர் வருவது நின்ற பிறகு, 1,000 அடிக்கும் கீழே துளையிட்டும் வெறுங்காற்று வரும் நிலை ஊர்தோறும் உண்டாயிற்று. அதற்கு மழையைப் பழிப்பதில் பொருளில்லை.

வாய்க்கால்களின்மேல் வீடுகளும் சாலைகளும் எழுந்தன. எஞ்சிய வாய்க்கால்கள் சாக்கடை சுமந்தன. இன்று கோவைக்குக் கீழே நொய்யல் கோடையிலும் வற்றுவதில்லை. முன்னோர் காணாத அந்த வற்றாத ஆறு முழுவதும் கழிவுநீர்! முதல்மழை பெய்தவுடன் அணைக்கட்டுகளில் வெண்ணுரை மலைபோல் பொங்குகிறது. இதற்கிடையில் திறன்மிகு நகரத் திட்டத்தின்கீழ் உக்கடத்திலும் வாலாங்குளத்திலும் கரைகளுக்கு நடைபாதையும் வண்ண விளக்கும் வைத்தனர். மாலையில் மக்கள் உலவுவது நல்லதே. ஆனால் நோயாளியின் முகத்துக்குப் பொட்டிட்டுவிட்டு மருத்துவம் முடிந்தது என்பவரை என்னென்பது?

திருப்பூரில் நடந்தது அதனினும் கொடியது. பின்னலாடைத் தொழில் 1980களில் பெருகியபோது சாயப்பட்டறைகளும் பெருகின. பருத்தித் துணியில் சாயம் பற்றுவதற்கு மிகுந்த அளவில் உப்புச் சேர்க்க வேண்டும். சாயம் துணியில் தங்கும். உப்போ முழுவதும் கழிவுநீரில் தங்கும். சுண்ணாம்பிட்டுத் தெளியவைத்தால் நிறம் ஓரளவு நீங்கும். கரைந்த உப்பு நீங்காது. நிறமற்ற நீரைக் காட்டித் தூய நீர் என்றது அந்நாளைய ஏமாற்று. உழவருக்காக 1992இல் ஒரத்துப்பாளையத்தில் கட்டிய அணை அந்த உப்புநீரைத் தேக்கும் தொட்டியாயிற்று. அணை கேட்ட உழவரே, அணையில் நீரைத் தேக்காதீர் என்று மன்றாடும் நிலை உலகில் வேறெங்கேனும் அரிதாகவே நேர்ந்திருக்கும். கிணறுகள் கரித்தன, தென்னை காய்ந்தது.

நொய்யல் பாசன உழவர்கள் வழக்குமன்றம் ஏறினர். மாசு செய்தவரே ஈடு தரவேண்டும் என்பதை இந்திய உச்சமன்றமும் 2009இல் நிலைநாட்டியது. 2011 சனவரி 28ஆம் நாள், கழிவு ஒரு துளியும் வெளியேறா நிலையை எய்தும்வரை சாயப்பட்டறைகளை மூடுக என்று சென்னை உயர்மன்றம் ஆணையிட்டது. பல்லாயிரம் தொழிலாளர் அன்று வேலையிழந்து துன்புற்றதை மறைத்தல் தகாது. அயல்நாட்டுப் பணத்தை எண்ணியவர்கள் வேறு, கூலியிழந்தவர்கள் வேறு, கிணறு இழந்தவர்கள் வேறு. பின்னர் நீரையும் உப்பையும் பிரித்து மீட்கும் பொறியமைப்புகளோடு பட்டறைகள் திறந்தன. முன்பே செய்திருக்கக் கூடியது அது.

ஆறு இன்னும் சாகவில்லை என்பதற்குத் திருப்பூர் அருகிலேயே சான்று உண்டு. நொய்யலில் சேரும் நல்லாற்றின் நஞ்சராயன் குளத்தில் வடபுலத்து வலசைப் பறவைகள் வந்திறங்குகின்றன. 2022இல் அது பறவைப் புகலிடமாயிற்று. 2024இல் இராம்சார் உலக ஈரநிலப் பட்டியலிலும் இடம்பெற்றது.

செய்யவேண்டியது புதிதாக ஒன்றுமில்லை. நில அளவைப் பதிவேடுகளில் வாய்க்கால்களின் அகலம் குறிக்கப்பட்டுள்ளது. அவ்வகலத்தை மீட்டு, சாக்கடையை வேறு வழியில் பிரித்துத் தூய்மை செய்து, அடுத்த தென்மேற்கு மழைக்கு முன் சித்திரைச்சாவடியிலிருந்து கடைக்குளம் வரை வெள்ளம் தடையின்றிச் செல்ல வழி விடுதல் வேண்டும். அதுவரை, கோவையும் திருப்பூரும் கழித்தவை நொய்யல் ஊரருகே காவிரியில் கலந்துகொண்டே இருக்கும். அந்நீரைத்தான் கருவூரும் திருச்சியும் குடிக்கின்றன.