கோடிகள் கொட்டிக் கட்டிய உளவுக் கப்பல்... அப்புறம் யாருக்கு வேணும்?

"இவ்வளவு செலவு பண்ணியாச்சு, ராணுவத்துக்கு வேண்டாம்னா வேற எதுக்காவது பயன்படுத்தலாமே?"

நீங்களும் அப்படி யோசித்திருப்பீர்கள். நியாயமான கேள்விதான். குளோமர் எக்ஸ்புளோரர் கப்பலுக்கு என்ன ஆச்சு என்று பாருங்கள்.

1968இல் சோவியத் யூனியனின் கே-129 நீர்மூழ்கி, பசிபிக் பெருங்கடலில் சுமார் 5 கிலோமீட்டர் ஆழத்தில் மூழ்கியது. அதை ரகசியமாகத் தூக்க அமெரிக்காவின் சிஐஏ கட்டிய கப்பல் இது. கட்டும் செலவு மட்டும் சுமார் 350 மில்லியன் டாலர். கோடீஸ்வரர் ஹோவர்ட் ஹியூஸ் கடலடியில் மாங்கனீஸ் எடுக்கப்போகிறார் என்று வெளியில் கதை விட்டார்கள். 1974இல் தூக்கும்போது நீர்மூழ்கியின் பெரும்பகுதி உடைந்து மறுபடியும் கீழே போய்விட்டது. அடுத்த ஆண்டே ரகசியமும் வெளியானது.

1976இல் கப்பலை வாடகைக்கு விட அரசாங்கம் விளம்பரம் செய்தது. ஒரு கல்லூரி மாணவர் 2 டாலர் தருவதாக எழுதிப் போட்டார்! கையில் பணத்தோடு யாரும் வரவில்லை.

ஏன்? கப்பலின் நடுவே, அடிப்பக்கம் திறக்கும் ஒரு 'குளம்'. நீளம் மட்டும் சுமார் 60 மீட்டர். நீர்மூழ்கியை யார் கண்ணிலும் படாமல் உள்ளே இழுத்துக்கொள்ளத்தான் அந்த ஏற்பாடு. எண்ணெய்க் கிணறு தோண்ட அவ்வளவு பெரிய திறப்பு தேவையில்லை. சரக்கு ஏற்றலாம் என்றால், சரக்கு வைக்கவேண்டிய இடமே அதுதான். ஆயிரக்கணக்கான டன் எடையை மெல்ல மெல்லத் தூக்கும் கருவியும் அப்படித்தான். ஒரே ஒரு வேலைக்கு அற்புதம், தினசரிப் பிழைப்புக்குப் பாரம். பணமெல்லாம் போனது இந்த விசேஷங்களுக்குத்தான். வாடகைக்கு எடுப்பவருக்கு அவற்றால் சல்லிக்காசு லாபமில்லை.

ஜிபிஎஸ்கூட ராணுவத்திலிருந்து வந்ததுதானே என்பீர்கள். உண்மை. ஆனால் அது வெறும் சமிக்ஞை. எத்தனை கைத்தொலைபேசி பிடித்தாலும் தீராது. கப்பலை அப்படிப் பங்கு போட முடியாதே.

1978இல் ஒரு கூட்டு நிறுவனம் இதே கப்பலில் கடலடிக் கனிமம் எடுத்துச் சோதித்தது. விட்ட கதை கொஞ்சம் நிஜமானது! பிறகு பல ஆண்டுகள் சும்மா கிடந்தது. 1990களின் கடைசியில்தான் எண்ணெய்க் கிணறு தோண்டும் கப்பலாக மாறியது. அதற்கு மேலும் 180 மில்லியன் டாலருக்குமேல் செலவு. அந்தக் குளத்தையும் சுருக்கவேண்டியிருந்தது. ஆழ்கடல் எண்ணெய்க்குக் கிராக்கி இருந்ததால் அந்தச் செலவு கட்டுப்படியானது.

2014இல் எண்ணெய் விலை சரிந்தது. அடுத்த ஆண்டு கப்பல் பழைய இரும்பு விலைக்குப் போனது.