கீபோர்ட் பழுதாகவில்லை, அக்கா!



கணினி என்றதும் "அது எங்களுக்கு எதற்கு?" என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். மாதர் சங்கக் கணக்கு, பிரதேச செயலகத்துக்கு ஒரு கடிதம், பிள்ளையின் விண்ணப்பம் என்று ஏதோ ஒரு தேவைக்காக உங்களில் பலர் இப்போது அதன் முன்னால் உட்காருகிறீர்கள். அதனால்தான் இந்த மாதம் இதை எழுதுகிறேன்.

மாத்தளையில் எங்கள் நிலையத்தில் தட்டச்சு செய்யும் அக்கா கிளிநொச்சிப் பக்கத்தவர். 2009இல் எல்லாவற்றையும் விட்டுவிட்டு, இங்குள்ள உறவினர்களிடம் இரண்டு பிள்ளைகளோடு வந்து சேர்ந்தவர். கணவரைப் பற்றி இன்றுவரை தகவல் இல்லை. இளவயதில் தட்டச்சு இயந்திரத்தில் பழகிய கை என்பதால் பாமினி எழுத்தில் மிக வேகமாக அடிப்பார். காணாமற்போன ஆட்கள் பற்றிய அலுவலகத்துக்குக் கடிதம் அனுப்ப வேண்டியவர்கள் அவரைத் தேடித்தான் வருவார்கள். பக்கத்துக்கு இவ்வளவு என்று கிடைக்கும் காசில்தான் வீட்டுச் செலவு.

விண்டோஸ் 10க்கு வழமையாக வழங்கிவந்த இலவசப் பாதுகாப்பு உதவியை மைக்ரோசொப்ட் நிறுவனம் 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியுடன் நிறுத்தியது. ஆகவே நாங்களும் எங்கள் கணினியை நகரத்தில் ஒரு கடையில் கொடுத்து விண்டோஸ் 11க்கு மாற்றி எடுத்தோம். மறுநாள் காலை எட்டரைக்கு அக்காவிடமிருந்து தொலைபேசி.

"மிஸ், கீபோர்ட் செத்துப்போச்சு. பாஸ்வேர்டை எடுக்குதில்லை. நான் ஒண்டும் செய்யேல்லை மிஸ்."

அந்தக் கடைசி வசனம் எனக்கு மிகவும் கஷ்டமாக இருந்தது. எது பழுதானாலும் முதலில் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வேண்டும் என்ற பயம் எங்கள் பெண்களுக்கு எங்கிருந்து வந்தது என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

நான் போனபோது இரத்தோட்டையிலிருந்து வந்த ஓர் அம்மா கடிதத்துக்காகக் காத்துக்கொண்டிருந்தார். அன்றே பதிவுத் தபாலில் போட வேண்டிய கடிதம். கீபோர்டில் நம் லொக் விசையை அழுத்தினேன். சின்ன விளக்கு பற்றி அணைந்தது. விளக்கு பற்றினால் கீபோர்டுக்கு உயிர் இருக்கிறது என்று அர்த்தம். பிறகு கடவுச்சொல் அடிக்கும் இடத்தில் இருக்கும் கண் படத்தை அழுத்திப் பார்த்தோம். மின்னஞ்சல் முகவரிகளில் வரும் அந்த வட்டமிட்ட 'அட்' குறி இருக்க வேண்டிய இடத்தில் மேற்கோள் குறி நின்றது! காரணம் இதுதான். நாங்கள் பாவிக்கும் கீபோர்டுகள் அமெரிக்க ஒழுங்கில் அச்சிடப்பட்டவை. பிரித்தானிய ஒழுங்கில் இந்த இரண்டு குறிகளும் இடம் மாறியிருக்கும். கடைக்காரர் கடவுச்சொல்லை வைத்த பிறகு மொழி அமைப்பை மாற்றியிருக்க வேண்டும். விண்டோஸ் விசையோடு ஸ்பேஸ் விசையை அழுத்தி அமெரிக்க ஒழுங்குக்கு மாற்றினோம். கதவு திறந்தது. தமிழ் விசைப்பலகை முன்னால் வந்து நின்றாலும் இதே சிக்கல்தான், இதே வழிதான்.

ஆனால் உள்ளே போனதும் அக்காவின் முகம் வெளிறிவிட்டது. தன் கணவருக்காக இத்தனை வருடமும் எழுதிய கடிதங்களைத் திறந்தார். எல்லாம் ஆங்கில எழுத்துக் குவியலாகக் கிடந்தன. "எல்லாம் போட்டுது மிஸ்" என்று அழத் தொடங்கிவிட்டார். போகவில்லை. பாமினி என்பது ஒரு எழுத்துரு. ஆங்கில எழுத்துகளின் இடத்திலேயே தமிழ் வடிவங்களைக் காட்டும் ஒரு சட்டை என்று வைத்துக்கொள்ளுங்கள். கடையில் எல்லாவற்றையும் அழித்துப் புதிதாகப் போட்டிருக்கிறார்கள். கோப்புகளைத் திருப்பிப் போட்டவர்கள் எழுத்துருவைப் போட மறந்துவிட்டார்கள். என் பென் ட்ரைவில் இருந்த பாமினியை நிறுவி, வேர்டை மூடித் திறந்தோம். கடிதங்கள் தமிழுக்குத் திரும்பின.

அக்காவுக்கு நடந்தது இவ்வளவுதான். வேறு விதமாகவும் நடக்கலாம். மவுஸ் அசையவே இல்லை என்றால், கழற்றி வேறு யூ.எஸ்.பி. துளையில், முடிந்தால் பெட்டியின் பின்பக்கத் துளையில் நேரடியாகச் செருகுங்கள். வயரில்லாத மவுஸ் என்றால் முதலில் பற்றரி. அப்படியும் சரிவராவிட்டால் அணைத்துப் போடாமல் 'ரீஸ்டார்ட்' கொடுங்கள். பல கணினிகளில் சாதாரணமாக அணைக்கும்போது உள்ளே ஒரு பகுதி முழுமையாக அணைவதில்லை, ரீஸ்டார்ட்டில்தான் எல்லாம் புதிதாகத் தொடங்கும். மேம்படுத்தலுக்குப் பிறகு மவுஸைக் கணினிக்கு அறிமுகம் செய்யும் 'டிரைவர்' என்ற சிறு மென்பொருள் குழம்பியிருந்தால் அநேகமாக இதிலேயே சரியாகிவிடும்.

மவுஸ் இல்லாமல் சமாளிக்கவும் வழியுண்டு. இடப்பக்க அல்ட், இடப்பக்க ஷிப்ட், நம் லொக் மூன்றையும் ஒன்றாக அழுத்தி, வரும் கேள்விக்கு என்டர் கொடுத்தால், வலப்பக்க இலக்க விசைகளால் அம்புக்குறியை நகர்த்தலாம். 5 என்பது கிளிக். கீபோர்ட்தான் இல்லையென்றால், நுழைவுத் திரையின் கீழ் மூலையில் உள்ள மனித உருவப் படத்தை அழுத்தினால் திரையிலேயே விசைப்பலகையைப் போடலாம். விசைகள் மிக மெதுவாக விழுகின்றனவா? வலப்பக்க ஷிப்டை 8 விநாடி அழுத்திக்கொண்டிருந்தால் 'பில்டர் கீஸ்' என்ற அமைப்பு தானாக வந்துவிடும். மேசையில் கோப்பு ஏதும் அந்த விசைமேல் சாய்ந்து கிடக்கிறதா என்று பாருங்கள். மறுபடி 8 விநாடி அழுத்தினால் அது நின்றுவிடும்.

இதையெல்லாம் உங்கள் கைத்தவறு என்று நினைக்க வேண்டாம். அதே 2025 ஒக்டோபர் 14இல் மைக்ரோசொப்ட் வெளியிட்ட விண்டோஸ் 11 திருத்தம் ஒன்றால், கணினியைப் பழுதுபார்க்கும் திரையில் யூ.எஸ்.பி. மவுஸும் கீபோர்டும் வேலை செய்யாமல் போயின. 20ஆம் திகதி அவர்களே அவசரமாக இன்னொரு திருத்தம் வெளியிட்டார்கள். அந்த ஒரு வாரத்தில் அந்தத் திரையில் வேலை செய்தவை வட்டப் பிளக் உள்ள பழைய கீபோர்டுகள். ஆகவே பழையது என்று எறிந்துவிடாதீர்கள்.

இனிக் கடையில் கொடுக்கும் முன் கோப்புகளை நீங்களே ஒரு பென் ட்ரைவில் எடுத்துக்கொள்ளுங்கள், எழுத்துருவையும் சேர்த்து. "மேம்படுத்துகிறீர்களா, அழித்துப் போடுகிறீர்களா?" என்று கேளுங்கள். கேட்க வெட்கப்பட வேண்டாம். காசு கொடுப்பது நாங்கள்தானே!

இரத்தோட்டை அம்மாவின் கடிதம் இரண்டு மணிக்கு முடிந்தது. அக்கா ஒருமுறை வாசித்துக் காட்டினார். அம்மா மகனின் பெயரை மட்டும் இன்னொரு முறை வாசிக்கச் சொன்னார். பிறகு தபால் கந்தோருக்கு நடந்தோம்.