மேக்னெடிக் லூப்பை மலைக்குத் தூக்காதீங்க, பால்கனியில வைங்க

யூடியூப்பில் போர்ட்டபிள் ஹாம் ரேடியோன்னு தேடிப் பாருங்க. அடிக்கடி ஒரே காட்சிதான் வரும். தாடி வச்ச வெள்ளைக்காரர் ஒருத்தர் மலை ஏறுவார். முதுகுப்பையிலிருந்து ஒரு கேபிள் வளையத்தை எடுத்து கேமரா முக்காலியில மாட்டுவார். ஒரு குமிழைத் திருகுவார். அஞ்சே வாட்டில் பக்கத்து நாட்டுக்காரரோட பேசிட்டு கேமராவைப் பார்த்து சிரிப்பார். நல்லாத்தான் இருக்கும். ஆனா எனக்கு அவர் பின்னாடி நிக்கற உசரமான பைன் மரம்தான் கண்ணுல படும். அண்ணாச்சி, அந்தக் கிளையில பத்து மீட்டர் ஒயரைத் தூக்கிப் போட்டிருந்தா இதைவிட நல்லா கேட்டிருக்குமே! செலவும் கம்மி, கனமும் கம்மி.

மரமும் இடமும் இருக்கற எடத்துக்கு லூப்பைத் தூக்கிட்டுப் போறது, கல்யாண விருந்துக்கு டிபன் பாக்ஸ் கட்டிட்டுப் போற மாதிரி. அந்த டிபன் பாக்ஸ் வேண்டியது வேற ஆளுக்கு. வாடகை வீட்டுல, அடுக்குமாடியில, மொட்டை மாடிச் சாவி கையில இல்லாம உக்காந்திருக்கற நம்மாளுக்கு. இந்தப் பதிவு அந்த ஆளுக்காக.

ஹாம்னா பர்கர் சமாச்சாரமான்னு கேக்கற ஆணி புடுங்கும் நண்பர்களுக்கு ஒரு பத்தி. அரசாங்கம் வைக்கற பரீட்சை எழுதி பாஸ் பண்ணினா லைசென்ஸ் குடுப்பாங்க, கூடவே ஒரு கால்சைனும். இந்தியாவில பெரும்பாலும் விக்டர் யூனிஃபார்ம்ல ஆரம்பிக்கும். அதுக்கப்புறம் உங்க சொந்த ரேடியோ, சொந்த ஆண்டெனா. நடுவுல டவரோ கம்பெனியோ மாசக் கட்டணமோ கிடையாது. 2004 டிசம்பர் 26 சுனாமி அன்னிக்கு அந்தமானில் தொலைபேசி எல்லாம் படுத்துட்டப்ப, வேற வேலையா போர்ட் பிளேருக்கு ஏற்கெனவே போயிருந்த பாரதி பிரசாத் தலைமையிலான ஹாம் குழு அங்கிருந்து செய்தி அனுப்பிட்டு இருந்தது. பொழுதுபோக்குதான். ஆனா ஊருக்கு ஆகற பொழுதுபோக்கு.

நிற்க. பிரச்சினை எங்க வருதுன்னா ஆண்டெனாவுல. ஷார்ட்வேவ்ல ஹாம்கள் அதிகமா புழங்கற 20 மீட்டர் அலைவரிசைக்கு அரை அலைநீள ஒயர்னா பத்து மீட்டர். 40 மீட்டருக்கு இருபது மீட்டர். அதையும் நல்ல உசரத்துல கட்டணும். ரெண்டு தென்னைமரம் இருக்கற ஊர் வீட்டுல இது ஒரு மேட்டரே இல்லை. மூணாவது மாடி ஃப்ளாட்ல?

எங்க அபார்ட்மெண்ட்ல மாடியில ஒரே ஒரு ஒயர் கட்டிக்கறேன்னு அசோசியேஷன்ல கேட்டேன். லைசென்ஸ் நகல் எல்லாம் கையில எடுத்துட்டுத்தான் போனேன். "தம்பி, இது செல்போன் டவர் மாதிரியா? கேன்சர் வரும்ங்கறாங்களே" அப்படின்னார் ஒருத்தர். "இடி விழுந்தா யார் பொறுப்பு?" இது இன்னொருத்தர் (இது மட்டும் நியாயமான கேள்வி, மாடியில ஒயர் கட்டறவங்க யோசிச்சே ஆகணும்). கடைசியா செகரட்டரி அங்கிள் முத்தாய்ப்பு வச்சார்: "நீங்க டெனன்ட் தானே, ஓனரை வந்து கேக்கச் சொல்லுங்க." ஓனருக்குப் போன் போட்டா, "எதுக்கு சார் வம்பு, அப்புறம் என் வீட்டு வாசல்ல வந்து நிப்பாங்க." அதே மாடியில துணி காயப்போட ஒரு கம்பி இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் கட்டியிருக்கு. அளந்து பாக்கலை, ஆனா 40 மீட்டருக்கு அம்சமா இருக்கும். அதுக்கு யாரும் மனு குடுத்த மாதிரி தெரியலை. என்னத்த சொல்ல!

என்னோட பரீட்சை எழுதின நாலு பேர்ல ரெண்டு பேர் இன்னிக்கு வரைக்கும் ஷார்ட்வேவ்ல ஒரு தடவைகூடப் பேசினதில்லை. லைசென்ஸ் அலமாரியில ரேஷன் கார்டு பக்கத்துல இருக்கு. கேட்டா, "சொந்த வீடு கட்டினதும் பாத்துக்கலாம் மச்சி." பொட்டி தட்டி சென்னையில சொந்த வீடு, அதுவும் தனி வீடு, அதுவும் மாடியோட! நடக்கற காரியமா?

இவங்ககிட்ட லூப்னு வாயைத் தொறந்தா, பெரியவங்க யாராவது குறுக்க வந்துடுவாங்க. "லூப்பா தம்பி? அது ஆண்டெனா இல்ல, டம்மி லோடு." டம்மி லோடுன்னா பவரை முழுங்கி சூடு மட்டும் கக்கற சாமான். அவங்க அனுபவத்து மேல மரியாதை உண்டு. ஆனா இந்த ஒரு வாக்கியம் எத்தனை பசங்களை ஆரம்பத்துலயே வீட்டுக்கு அனுப்பியிருக்குன்னு நினைச்சா கடுப்பாகுது. டம்மி லோடா இல்லையாங்கறதுக்குக் கணக்கு இருக்கே, போட்டுப் பாத்துடலாமே.

ஏசி மெக்கானிக் போடற செப்புக் குழாய் இருக்கில்லையா, அதுல அஞ்சேகால் இன்ச் எட்டுல ஒண்ணுன்னு எல்லாம் குழப்பிக்க வேண்டாம், சுமார் 16 மில்லிமீட்டர் தடிமன்ல கிடைக்கறது ஒண்ணு. அதை ஒரு மீட்டர் விட்டத்துக்கு வட்டமா வளைச்சு, ரெண்டு முனைக்கும் நடுவுல ஒரு மாறும் கண்டன்சர் மாட்டினா அதுதான் லூப். குழாய் ஒரு சுருள், கண்டன்சர் அதுக்கு ஜோடி, ரெண்டும் சேர்ந்து ஒரே அதிர்வெண்ணில் ஊஞ்சல் ஆடும். உள்ளே அஞ்சில ஒரு பங்கு விட்டத்துல, அதாவது 20 சென்டிமீட்டர்ல, இன்னொரு குட்டி வளையம். ரேடியோவிலிருந்து வர்ற கேபிள் அதுல சேரும். பெரிய வளையத்துக்கும் கேபிளுக்கும் நேரடித் தொடர்பே கிடையாது. அவ்ளோதான் சாமான்.

இந்த அளவு வளையத்துக்கு 14 மெகாஹெர்ட்ஸ்ல கதிர்வீச்சுத் தடை கிட்டத்தட்ட 0.1 ஓம்தான். செப்போட இழப்பு 0.06 ஓம் சுமாருக்கு. ஆக, உள்ளே போற பவர்ல 60 சதவீதம் வெளிய போகும். 21 மெகாஹெர்ட்ஸ்ல இதுவே 85 சதவீதத்தைத் தாண்டும். கண்டன்சர், பால்கனிக் கம்பி, கான்கிரீட்டுக்குள்ள இருக்கற முறுக்குக் கம்பி எல்லாம் பங்கு கேக்கும், அதனால நிஜத்துல இன்னும் குறையும். குறையட்டுமே. பாதி போனாக்கூட மூணு டெசிபல்தான். ரேடியோ மீட்டர்ல ஒரு எஸ் புள்ளின்னா ஆறு டெசிபல், அதுல பாதி. இதுக்குப் பேரு டம்மி லோடா?

ஆனா பெரியவங்க சொல்றது முழுக்கத் தப்பும் இல்லை. அவங்க பலரும் புழங்கினது 40 மீட்டர். 7 மெகாஹெர்ட்ஸ்ல அதே வளையத்தோட கதிர்வீச்சுத் தடை 0.006 ஓம், பதினாறில் ஒரு பங்கு. கணக்குப்படியே 12 சதவீதம்தான் வெளிய போகும், மிச்சம் எல்லாம் குழாயைச் சூடேத்தும். காலையில 40 மீட்டர்ல நம்ம பக்கத்து ஆட்களோட அரட்டை அடிக்கறதுதான் உங்க ஆசைன்னா, லூப் உங்களை ஏமாத்தும்னு இப்பவே சொல்லிடறேன். பேசலாம், அவங்க கொஞ்சம் காதைத் தீட்டிக்கணும். விக்கறவங்க "40 மீட்டரிலிருந்து 10 மீட்டர் வரை"ன்னு போடற ஒத்தை வரிக்குள்ள இந்த 12 சதவீதம் ஒளிஞ்சிருக்கறதுதான் எனக்குப் பிடிக்கலை.

விக்கறவங்க சொல்ற இன்னொரு கதை, "மேக்னெடிக் லூப் காந்தப் புலத்தை மட்டும் கேட்கும், அதனால இரைச்சலே வராது". தூரத்துலேர்ந்து வர்ற அலையில மின்புலமும் காந்தப்புலமும் மாறாத விகிதத்துல ஒட்டிக்கிட்டேதான் வரும், ஒண்ணை மட்டும் எடுத்துக்க முடியாது. இரைச்சல் குறையறதுக்கு வேற காரணம் இருக்கு. வளையத்தோட முகம் பாக்கற திசையில, அதாவது அச்சுத் திசையில, காது செவிடு. பக்கத்து வீட்டு எல்.இ.டி. பல்பு, இன்வர்ட்டர், லிஃப்ட் மோட்டார் எதுன்னாலும், அந்தப் பக்கம் முகத்தைத் திருப்பி வச்சா இரைச்சல் மடமடன்னு இறங்கும். ரொம்ப ஒடுங்கின அலைவரிசையை மட்டுமே உள்ள விடறதால பக்கத்து ஸ்டேஷன் தொல்லையும் குறையும். ஃப்ளாட்ல குடியிருக்கறவனுக்கு இது சின்ன விஷயமில்லை. பேச முடியறதுக்கு முன்னாடி காது கேக்கணும்ல?

அந்த ஒடுக்கத்துக்கு விலையும் உண்டு. நான் சொன்ன வளையம் 14 மெகாஹெர்ட்ஸ்ல சுமார் 19 கிலோஹெர்ட்ஸ் அகலத்துக்குத்தான் ஒத்துழைக்கும். அதைத் தாண்டி நகர்ந்தா மறுபடி குமிழைத் திருகணும். குரல்ல ஸ்டேஷன் ஸ்டேஷனா மேயறவங்களுக்கு எரிச்சல் வரும். ஆனா 2017ல ஜோ டெய்லரும் (1993ல இயற்பியல் நோபல் வாங்கினாரே, அவரேதான்) ஸ்டீவ் ஃபிராங்கும் எஃப்.டி.8 கொண்டு வந்தப்புறம் நிலைமை வேற. 15 விநாடிக்கு ஒரு முறை மாறி மாறி அனுப்பற டிஜிட்டல் முறை அது. காதுக்கே கேக்காத அளவு இரைச்சலுக்குள்ள புதைஞ்ச சிக்னலைக்கூட கம்ப்யூட்டர் பிரிச்சு எடுத்துடும். எல்லாரும் 14.074 மெகாஹெர்ட்ஸ்ல மூணு கிலோஹெர்ட்ஸுக்குள்ளயே கூடியிருப்பாங்க. ஒரு தடவை திருகி வச்சா நாள் பூரா தொடவே வேண்டாம். லூப்புக்குன்னே யாரோ யோசிச்ச மாதிரி இருக்கும். "கம்ப்யூட்டரும் கம்ப்யூட்டரும் பேசிக்கறதெல்லாம் ஒரு ஹாமா"ன்னு இதுக்கும் ஒரு கோஷ்டி சண்டைக்கு வரும். வரட்டும். பகல் பூரா கம்ப்யூட்டரோட மாரடிக்கற எனக்கு ராத்திரி அதை வச்சு வேற கண்டத்தைப் பிடிக்கறது சந்தோஷமாத்தான் இருக்கு.

செய்யறதா இருந்தா ரெண்டு விஷயம் மட்டும் விடாதீங்க. மொத்தத் தடையே ஓம்ல ஆறில் ஒரு பங்குதான்ங்கறதால ஒவ்வொரு இணைப்பும் உயிர். நட்டு போல்ட்டு போட்டு முறுக்கினா பத்தாது, பத்த வைங்க. பழைய வால்வு ரேடியோ கேங் கண்டன்சர்ல சுழலற தண்டுக்குப் போற தேய்ப்புத் தொடர்பு ஒரு இழப்பு மையம். அதைத் தவிர்க்க ரெண்டு கேங்கோட அசையாத தகடுகளை மட்டும் வளையத்தோட ரெண்டு முனையில இணைச்சா போதும், தண்டு நடுவுல சும்மா பாலமா இருக்கும். கொள்ளளவு பாதியாகும், வோல்ட்டேஜ் தாங்கற சக்தி ரெண்டு மடங்காகும்.

அந்த வோல்ட்டேஜ்தான் ரெண்டாவது விஷயம், இதை சீரியஸாவே சொல்றேன். வெறும் 5 வாட்டுக்கே கண்டன்சர்ல 1300 வோல்ட்டுக்கு மேல நிக்கும். 100 வாட் விட்டா கிட்டத்தட்ட 6000 வோல்ட். சாதா கேங்கில பொறி பறக்கும், விரல் பட்டா தோல் பொசுங்கும். அதனால அனுப்பும்போது குமிழைக் கையால தொடறதா இருந்தா நீளமான பிளாஸ்டிக் தண்டு வைங்க. வளையத்துக்குப் பக்கத்துல புலம் ரொம்ப பலமா இருக்கும், மேஜை மேல தலைக்குப் பக்கத்துல வச்சுக்கிட்டு உக்காராதீங்க. பவரைக் கூட்டினா தூரத்தையும் கூட்டுங்க. பால்கனிக்குப் பின்னாடி பக்கத்து வீட்டுக் குழந்தை படுக்கற அறை இருந்தா அங்க வைக்கவே வைக்காதீங்க. அசோசியேஷன்ல கேன்சர்னு கேட்டவரைப் பாத்து சிரிக்கறதுக்கு முன்னாடி, நம்ம பக்கம் இவ்வளவாவது ஒழுங்கா இருக்கணும்.

மத்தபடி இது போர்ட்டபிள் ஆண்டெனாதான், ஒத்துக்கறேன். போன வருஷம் வீடு மாத்தினப்ப வாஷிங் மெஷினை மூணு மாடி இறக்க ரெண்டு ஆள் தலைக்கு எவ்வளவுன்னு அரை மணி நேரம் பேரம் பேசினாங்க. லூப்பை நான் மாலை மாதிரி தோளில் போட்டுக்கிட்டு நடந்தே கொண்டு போயிட்டேன். செகரட்டரி அங்கிள் கேட்ல நின்னு, "என்ன தம்பி அது, ஏசி பைப்பா?"ன்னார். ஆமா அங்கிள்னேன். செப்பு என்னவோ அதே செப்புதானே :-)

பி.கு.: தாத்தா காலத்து வால்வு ரேடியோ வீட்டுப் பரண்ல இருந்தா பழைய இரும்புக்காரருக்குப் போடறதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை சொல்லுங்க, கேங் கண்டன்சர் எனக்கு. இன்னும் பாடற ரேடியோன்னா கைய வைக்காதீங்க, பாட்டு கேளுங்க.

73.